பிழை கையாளும் நிரலில் நகல் வரிகளைக் குறைத்தல்

ஒரு செயற்கூறு பாதி வேலையில் தோற்றுப்போனால், அதுவரை எடுத்துக்கொண்ட வளங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். நினைவகம், பூட்டு, சாதனத்தின் முகவரிப் பகுதி எல்லாமே இங்கே வளங்கள்தாம். எங்கெல்லாம் தோற்கக்கூடுமோ அங்கெல்லாம் இந்தத் திருப்பிக் கொடுக்கும் வரிகளை மறுபடி மறுபடி எழுதாமல், செயற்கூற்றின் முடிவில் ஒரே இடத்தில் எழுதிவைத்து, தோற்ற இடத்திலிருந்து அங்கே தாவச் செய்வது இயங்குதள நிரலாக்கத்தில் நிலைபெற்ற ஒரு முறை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருனியில் (கெர்னல் என்று வழங்குவது) இது பரவலாகக் காணப்படுகிறது. அதன் வலையமைப்புப் பகுதியை எடுத்துக்காட்டாக வைத்து இந்த முறையையும், அது வழுக்கும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சில வரிகளை மிச்சப்படுத்துவதற்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். சாதாரண நிரல் ஒன்று நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் பெரிய கேடு இல்லை. நிரல் முடிந்ததும் இயங்குதளம் அதை வாங்கிக்கொள்ளும். கருனிக்கு அப்படி மேலே ஒருவர் இல்லை. அது மறந்தது மறந்ததுதான். கணினியை அணைத்துப் போடும் வரை அந்த நினைவகம் யாருக்கும் பயன்படாது. வீட்டில் உள்ள பல வைஃபை ரவுட்டர்களுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். அவற்றை மாதக்கணக்கில் யாரும் அணைப்பதில்லை.

வலையமைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிழை எப்போதாவது வருவது என்று இங்கே இருந்துவிட முடியாது. வெளியிலிருந்து வரும் பொதிகளை அனுப்புகிறவர் யார் என்பது நம் கையில் இல்லை. பழுதான ஒரு பொதியைக் கண்டதும் 2 கிலோபைட் கசியும் ஒரு பிழைப் பாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் தெரிந்துகொண்ட ஒருவர் வேண்டுமென்றே அப்படிப்பட்ட பொதிகளை ஒரு லட்சம் முறை அனுப்பினால் ஏறக்குறைய 200 மெகாபைட் போய்விடும். சிறிய ரவுட்டர் அதற்கு முன்பே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

நகல் எப்படிப் பெருகுகிறது

லினக்ஸ் கருனி பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் பிழை நேர்ந்ததும் அதைத் தானாக மேலே அனுப்பும் ஏற்பாடு உண்டு. சி மொழியில் அது கிடையாது. ஒவ்வொரு செயற்கூறும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி. குறை எண் என்றால் தோல்வி: நினைவகம் கிடைக்கவில்லை என்றால் -12, சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்றால் -16, கொடுத்த மதிப்பு தவறு என்றால் -22. அழைத்தவர் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இப்போது ஒரு வலையமைப்பு அட்டையைக் கணினி கண்டுபிடித்ததும் அதன் இயக்கி செய்யும் வேலைகளைப் பார்ப்போம்.

1. அட்டையைச் செயல்படுத்து
2. அட்டையின் முகவரிப் பகுதிகளைத் தன் பெயரில் பதிந்துகொள்
3. வலையமைப்புச் சாதனத்துக்கான நினைவகத்தை எடு
4. அட்டையின் பதிவேடுகளைக் கருனியின் முகவரிகளோடு இணை
5. குறுக்கீட்டு எண்ணைப் பெறு
6. சாதனத்தைக் கருனியில் பதிவு செய்

(இயக்கிக்கு இயக்கி இந்த வரிசை சற்று மாறும். ஐந்தாவது வேலையைப் பல இயக்கிகள், பயனர் அந்த இணைப்பை இயக்கும் நேரத்தில்தான் செய்கின்றன.) ஆறாவது வேலை கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்த மறுகணமே பொதிகள் வரவும் போகவும் தொடங்கலாம். அதற்குள் மற்றவை எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

ஆறில் எதுவும் தோற்கலாம். இரண்டாவது தோற்றால் முதலாவதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவது தோற்றால் இரண்டையும் ஒன்றையும். ஆறாவது தோற்றால் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக எழுதினால் மொத்தம் 1+2+3+4+5, அதாவது 15 வரிகள். உண்மையில் தேவைப்படும் வெவ்வேறு வேலைகளோ ஐந்துதான். பத்துப் படிகள் உள்ள இயக்கியில் 9 வரிகள் போதும் என்ற இடத்தில் 45 வரிகள் வரும். பத்தாம் வகுப்பில் நடத்திய கூட்டுத்தொடர் வரிசைக் கணக்கு இங்கே வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வரிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றைப் பராமரிப்பதுதான் கடினம். இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் வந்து மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரு புதிய படியைச் சேர்க்கிறார். அவர் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு பிழைக் கிளையிலும் அதைத் திரும்பச் செய்யும் வரியைச் சேர்க்க வேண்டும். மூன்று கிளைகளில் இரண்டில் சேர்த்து ஒன்றில் மறந்தாலும் நிரல் பிழையின்றி மொழிபெயர்க்கப்படும், ஓடும், சோதனையிலும் தேறும். விடுபட்ட கிளை, அந்தப் படி உண்மையிலேயே தோற்கும் நாள் வரை வெளியே தெரியாது.

ஏறிய வழியே இறங்குதல்

இதற்குக் கருனி நிரலாளர்கள் கண்ட வழி, சி மொழியின் 'கோ டூ' என்னும் தாவல் கூற்றைப் பயன்படுத்துவது. செயற்கூற்றின் முடிவில், வெற்றியோடு திரும்பும் வரிக்குக் கீழே, திரும்பச் செய்யும் வேலைகளைத் தலைகீழ் வரிசையில் ஒருமுறை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு லேபிள் வைக்கிறார்கள். தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

வெற்றி: 0 என்று திரும்பு

குறுக்கீட்டை_விடு: குறுக்கீட்டு எண்ணைத் திருப்பிக் கொடு
இணைப்பை_நீக்கு: பதிவேடுகளின் இணைப்பை நீக்கு
நினைவகத்தை_விடு: சாதன நினைவகத்தை விடு
பகுதிகளை_விடு: முகவரிப் பகுதிகளை விடு
அட்டையை_நிறுத்து: அட்டையைச் செயலிழக்கச் செய்
பிழை எண்ணோடு திரும்பு

ஆறாவது படி தோற்றால் 'குறுக்கீட்டை_விடு' என்ற இடத்துக்குத் தாவினால் போதும். அங்கிருந்து நிரல் ஒவ்வொரு வரியாகத் தானே கீழே இறங்கி எல்லாவற்றையும் செய்துவிடும். நான்காவது படி தோற்றால் 'நினைவகத்தை_விடு' என்ற இடத்துக்குத் தாவ வேண்டும். மேலே உள்ள இரண்டும் நடக்காது. ஏணியில் எத்தனை படி ஏறினோமோ அத்தனை படி மட்டும் இறங்குகிறோம். புதிய படி ஒன்று சேர்ந்தால், இறங்கும் பக்கத்திலும் ஒரே ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

தலைகீழ் வரிசை அழகுக்காக அன்று. சாதன நினைவகத்தை முதலில் விட்டுவிட்டு, குறுக்கீட்டு எண்ணைப் பிறகு விடுவதாக எழுதிவிட்டோம் என்று கொள்வோம். இரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய நேரத்தில் அட்டையிலிருந்து ஒரு குறுக்கீடு வந்தால், அதைக் கவனிக்கும் செயற்கூறு, இனித் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் போய் எழுதும். அந்த நினைவகம் அதற்குள் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கலாம்.

தாவல் கூற்றுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. 1968-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதைக் கண்டித்து எழுதிய கடிதம் கணினித் துறையில் புகழ்பெற்றது. பேசிக் மொழியில் வரி எண் போட்டு அங்கும் இங்கும் தாவிப் பழகிய என் தலைமுறைக்கு அந்தக் கண்டனத்தின் நியாயம் நன்றாகவே விளங்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் நாம் எழுதியது நமக்கே புரியாது. ஆனால் கருனியில் பயன்படுவது வேறு வகை. தாவல் எப்போதும் கீழ்நோக்கி மட்டுமே, வெளியேறும் வழியை நோக்கி மட்டுமே. தாவல் கூற்றுக்கும் உரிய இடங்கள் உண்டு என்றும், பிழை கண்டு வெளியேறுவது அவற்றில் ஒன்று என்றும் டொனால்ட் குனூத் 1974-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

லினக்ஸ் கருனியோடு சேர்த்தே வழங்கப்படும் நிரல் நடைக் கையேட்டில் இதற்கென ஒரு பகுதி இருக்கிறது. பொதுவான துப்புரவு வேலை இருந்தால் மட்டும் இப்படித் தாவு, துப்புரவு எதுவும் இல்லையென்றால் நேராகத் திரும்பிவிடு என்பது அதன் அறிவுரை. பிழை1, பிழை2 என்று லேபிளுக்கு எண் போட வேண்டாம், அங்கே என்ன நடக்கிறது என்பதையே பெயராக வை என்றும் சொல்கிறது. எண் போட்டால் நடுவில் ஒன்றைச் சேர்க்கும்போது எல்லா எண்களையும் மாற்ற நேரும். தாவும் இடத்தைப் படிக்கிறவருக்கும் எதுவும் விளங்காது.

பொதியைப் பெறும் இடத்தில்

இயக்கியைத் தாண்டி உள்ளே போனால், ஐபி பொதிகளைப் பெறும் செயற்கூற்றில் இதே முறை வேறு வடிவில் இருக்கிறது. ஐபி நான்காம் பதிப்பின் தலைப்பகுதி குறைந்தது 20 பைட் இருக்க வேண்டும். பதிப்பு எண் 4 ஆக இருக்க வேண்டும். சரிபார்ப்புத் தொகை பொருந்த வேண்டும். பொதியில் எழுதியுள்ள நீளமும் வந்து சேர்ந்த நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் தோற்கலாம். தோற்றால் செய்ய வேண்டியது, உரிய கணக்கில் ஒன்றைக் கூட்டுவதும் பொதியைக் கைவிடுவதும்.

அங்கே முடிவில் அடுத்தடுத்து மூன்று லேபிள்கள். முதலாவது சரிபார்ப்புத் தொகைப் பிழைக்கு. அது தனக்குரிய கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டுக் கீழே இறங்கும். அடுத்தது தலைப்பகுதிப் பிழை. அதுவும் ஒன்றைக் கூட்டிவிட்டு இறங்கும். மூன்றாவது, பொதியைக் கைவிடும் இடம். சரிபார்ப்புத் தொகை தவறிய பொதி இரண்டு கணக்கிலும் ஏறும். அது சரிதான், ஏனென்றால் அதுவும் தலைப்பகுதிப் பிழைகளில் ஒரு வகை. வேறொரு கணினிக்கு உரிய பொதி தவறி வந்தால் இந்த இரண்டு கணக்கிலும் ஏறாமல் நேராக மூன்றாவதற்குப் போகும். பொதியைக் கைவிடும் வரி, இத்தனை சோதனைகளுக்கும் பொதுவாக ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பொதிகள் காணாமல் போகின்றன, ஏன் என்று தெரியவில்லை என்பது வலையமைப்பைப் பராமரிப்பவர்களின் நெடுநாள் தலைவலி. கருனியில் பொதி எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்று காட்டும் கருவிகள் உண்டு. ஆனால் எல்லாக் காரணங்களும் ஒரே வரியில் வந்து கூடினால், கருவி அந்த ஒரே வரியைத்தானே காட்டும்? நகலை நீக்கியதோடு காரணமும் மறைந்துபோயிற்று. 2022-இல் வெளிவந்த 5.17 பதிப்பு முதல், பொதியைக் கைவிடும்போது காரணத்தையும் ஒரு மதிப்பாகச் சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தது. இப்போது சோதனையில் தோற்கும் இடத்தில் காரணத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தாவுகிறார்கள். வேலை ஒரே இடத்தில் நடக்கிறது, காரணமும் தொலைவதில்லை.

தவறும் இடங்கள்

நகலைக் குறைக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒரே லேபிளுக்குக் கீழே போட்டுவிடுவது முதல் தவறு. பெட்டிக்குள் பெட்டி போல, ஒரு நினைவகத் துண்டுக்குள் இன்னொரு துண்டின் முகவரி இருக்கிறது. பிழை என்ற ஒரே லேபிளின் கீழ், முதலில் உள் துண்டை விடு, பிறகு வெளித் துண்டை விடு என்று எழுதியாயிற்று. வெளித் துண்டே கிடைக்காமல் போய் அங்கே தாவினால் என்ன ஆகும்? இல்லாத பெட்டிக்குள் கையை விட்டது போல, வெற்றுச் சுட்டியின் உள்ளே எதையோ தேடிக் கருனி நிலைகுலையும். இந்த வகைப் பிழையை அந்த நடைக் கையேடே எடுத்துச் சொல்லி, லேபிளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது. முந்தைய படி வென்றதால் பிழை எண் வைக்கும் மாறியில் 0 இருக்கிறது. அடுத்த படியில் நினைவகம் கிடைக்கவில்லை. நிரலாளர் மாறியில் -12 என்று வைக்க மறந்து, தாவ மட்டும் செய்கிறார். துப்புரவு எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் செயற்கூறு 0, அதாவது வெற்றி என்று சொல்லித் திரும்பும். அழைத்தவர் சாதனம் தயார் என்று நம்பி, ஏற்கெனவே விடப்பட்ட நினைவகத்தைத் தொடுவார்.

இப்படித் தோல்வி வெற்றியாகத் திரும்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, லினக்ஸுக்கு வெளியே ஒரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 7.0.6 என்ற அவசரத் திருத்தத்தையும், சில நாளில் மேக் கணினிகளுக்கு 10.9.2 பதிப்பையும் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையில் இருக்கும் சேவையகம் உண்மையானதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூற்றில்தான் குறை. அதுவும் நாம் மேலே பார்த்த அமைப்பில் எழுதப்பட்டதே: ஒவ்வொரு படியிலும் பிழை வந்தால் 'தோல்வி' என்ற லேபிளுக்குத் தாவு. ஓரிடத்தில் அந்தத் தாவும் வரி அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டது.

அடைப்புக்குறி இடாவிட்டால், சி மொழியில் நிபந்தனை அடுத்து வரும் ஒரே ஒரு கூற்றைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே முதல் தாவல் பிழை வந்தால் மட்டும். இரண்டாவது தாவல் எப்போதும். முந்தைய படி வென்றிருந்ததால் பிழை எண் 0. 'தோல்வி' என்று பெயரிட்ட இடம், துப்புரவு செய்துவிட்டு வெற்றி என்று திரும்பியது. கடைசியில் நடக்க வேண்டிய கையொப்பச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. பொது இடத்து வைஃபையில் இடையில் புகுந்த ஒருவர், வங்கியின் சேவையகம் தானே என்று நடிக்க முடியும் என்ற நிலை. உள்தள்ளல் சரியாக இருந்ததால், படித்த கண்ணுக்கு இரண்டாவது வரியும் நிபந்தனைக்குள் இருப்பது போலவே தோன்றியிருக்கும். விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: விட்டுப்போன வரியைவிட, இருமுறை வந்த வரி கண்ணில் படுவது அரிது.

எல்லா நகலையும் நீக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே கருனி நிரலாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஒரு செயற்கூற்றில் இரண்டே இடத்தில், ஒரே ஒரு வரி திரும்ப வருகிறது என்றால், அதற்காக ஒரு லேபிள் வைத்துப் படிப்பவரைக் கீழே அனுப்பி மேலே வரச் செய்வது லாபமில்லை. வெவ்வேறு பிழைச் செய்திகளை அச்சிடும் இரண்டு கிளைகளை ஒன்றாக்கி, இரண்டுக்கும் பொதுவான ஒரு மொட்டைச் செய்தியை வைப்பது நட்டமே.

லினக்ஸ் வலையமைப்புப் பகுதிக்கெனத் தனி வழிகாட்டி ஒன்று உண்டு. வேறு வேலையின் பகுதியாக வராத, வெறும் துப்புரவுக்கான சிறு திருத்தங்களை அனுப்ப வேண்டாம் என்று அது கேட்டுக்கொள்கிறது. அத்தகைய ஒவ்வொரு திருத்தத்தையும் யாராவது ஒருவர் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். அதில் புதிய பிழை நுழையவும் கூடும். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுபோகும்போது, வரிகள் இடம் மாறியிருந்தால் அந்த வேலையும் கடினமாகும். ஆகவே கசிவு ஒன்றைத் திருத்தும்போதோ புதிய படி சேர்க்கும்போதோ நகலையும் ஒன்றாக்குவது வரவேற்கப்படுகிறது.

தானாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுகள்

ஏணியால் தீராத ஒரு நகல் இருக்கிறது. அட்டையைக் கழற்றும்போது ஓடும் செயற்கூறும் அதே ஐந்து வேலைகளை, அதே தலைகீழ் வரிசையில், மறுபடியும் எழுதியாக வேண்டும். 2007-இல் 2.6.21 பதிப்பில் வந்த ஏற்பாடு இதற்கு விடை சொன்னது. வளத்தைக் கேட்கும்போதே அதைச் சாதனத்தின் பெயரில் பதிந்துவிடலாம். தொடக்கம் தோற்றாலும், பின்னொரு நாள் சாதனம் கழற்றப்பட்டாலும், பதிந்த பட்டியலைக் கடைசியிலிருந்து முதல்வரை பார்த்துக் கருனியே திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு இடத்துத் துப்புரவு வரிகளும் மறைந்தன.

2023-இல் 6.5 பதிப்போடு இன்னொன்று வந்தது. ஒரு மாறி தன் எல்லையைத் தாண்டும்போது, குறித்துவைத்த துப்புரவைத் தானே செய்யும்படி நிரல்பெயர்ப்பியிடம் சொல்லிவிடலாம். பூட்டைத் திறக்க மறப்பது இதனால் குறையும்.

இவற்றை வலையமைப்புப் பகுதியினர் இரு கை நீட்டி ஏற்கவில்லை. மாறி எல்லை தாண்டும்போது நினைவகத்தைத் தானே விடும் முறையை அவர்களுடைய வழிகாட்டி ஊக்குவிப்பதில்லை. 20 வரிக்கு மேற்பட்ட செயற்கூற்றில் தானாகத் திறக்கும் பூட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. பூட்டுவதும் திறப்பதும் எழுத்திலேயே தெரிவதை ஓரளவு விரும்புவதாகவும் குறிப்பிடுகிறது. நீளமான செயற்கூற்றில் பூட்டு எங்கே திறக்கிறது என்பது எழுதாமலே நடந்தால், படிப்பவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். பல செயலிகள் ஒரே நேரத்தில் பொதிகளோடு மல்லுக்கட்டும் இடத்தில் அது சிறிய சுமை அன்று.

விட்டுப்போன கிளைகளைத் தேட

பிழைக் கிளைகளைக் கையால் தேடி முடியாது. கருனியில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. பிரான்சில் வளர்ந்த காக்சினெல் என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிற வண்டு அது. நிரலின் ஒரு வடிவத்தை எழுதிக் கொடுத்தால், எடுத்துக்காட்டாக 'இதை எடுத்த பின், திருப்பிக் கொடுக்காமல் பிழை எண்ணோடு திரும்பும் கிளை' என்று சொன்னால், அதைக் கருனி முழுவதும் தேடிக் காட்டும். திருத்தத்தின் வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் திருத்தியும் தரும்.

கருவி காட்டியதை ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. கருனிக்குள்ளேயே, நினைவகம் கேட்கும் அழைப்புகளை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் வசதி உண்டு. எத்தனையில் ஒன்று தோற்க வேண்டும் என்றும் அமைக்கலாம். அதை இயக்கிவிட்டு இயக்கியைப் பல முறை ஏற்றி இறக்கினால், ஆண்டுக்கணக்கில் யாரும் ஓட்டிப் பார்க்காத லேபிள்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும். கசிவைக் கண்டுபிடிக்கும் இன்னொரு கருனி வசதியையும் உடன் இயக்கி வைத்தால், எந்தப் படியில் எடுத்த நினைவகம் திரும்பி வரவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டும்.